கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

ஆவடியில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வரும் அந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டர் கண்ணாடியில் நெற்றிப் பொட்டை ஒட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஆராதனை முடிந்ததும் எடுத்து வைத்துக்கொள்வார்.

"ஏன்க்கா இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேதத்துல சேந்துட்டா நாம எஸ்சி இல்லன்னுது சர்க்காரு. புள்ள அந்த சர்ட்டிபிகேட்லதான் வேலைக்குப் போய்க்கினு கீறான். சாமி மாறினா சாதி பூடுமாம். எங்க தெருவுல எவன் சாதிய மறந்தான்?"

போன மாதம் இறந்துபோனார். சவப்பெட்டியில் அல்ல, பாடையில் கிடத்தியிருந்தார்கள். அழுதுகொண்டே மகன்தான் நெற்றி நிறையக் குங்குமம் வைத்தான். போதகர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

கடைசி ஞாயிறு அக்கா எடுக்காமல் போன பொட்டு இன்னும் என் கண்ணாடியில் இருக்கிறது. மறந்தாரா, போதுமென்று விட்டாரா?