மாமனாரின் சம்மதம்

தொண்ணூறுகளில் நான் பாளையங்கோட்டையிலிருந்து வீடு வீடாகப் போய் குழந்தைகளுக்கு பிஹேவியர் தெரபி செய்துவந்தேன். விளக்கம் கேட்பவர்களிடம், “நல்ல பழக்கத்துக்கு உடனே ஒரு ரிவார்டு” என்பேன். அதைக் கேட்டதும் தன் வீட்டில் யாரைத் திருத்தலாம் என்று யோசிக்காத ஆளே கிடையாது.

அம்பாசமுத்திரம் பாத்திரக்கடை அண்ணாச்சியும் யோசித்தார். அவர் மகள் செல்விக்குப் பேச்சு வராது. தாகம் எடுத்தால் தன் கையையே கடிப்பாள். கடிக்காமல் செம்பைத் தொட்டுக் காட்ட என் பயிற்சியில் அப்போதுதான் பழகியிருந்தாள்.

“டீச்சர், எங்க மாமாவையும் இதே மாதிரி சரி பண்ணுங்க. பைய, அவியளுக்குத் தெரியாம.”

அவர் சொன்னது தன் மாமனாரை. ரிட்டயர்டு வாத்தியார். கடையில் உட்கார்ந்துகொண்டு, “இந்த வாளிக்குப் பிடி நிக்காது, வேற பாருங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் உண்மை பேசுவார்.

“அவிய சம்மதமில்லாம செய்யக் கூடாது அண்ணாச்சி. எங்க தொழில்ல அது பெரிய தப்பு.”

“மாமனார்ட்டப் போயி வாய மூடுங்கன்னு எந்த மருமவன் கேப்பான்? முடியாதுன்னா புள்ளைக்கும் வர வேண்டாம்.”

பாதியில் விட்டால் செல்வி மறுபடி கையைக் கடிப்பாள். ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன்.

பாத்திரக்கடையில் ரகசியம் பேசினால் அண்டா குண்டாவெல்லாம் எதிரொலிக்கும். மாமனார் எழுந்து வந்தார்.

“எனக்கு என்ன ரிவார்டு குடுப்பிய?”

“உங்களுக்குப் பிடிச்சது. வேண்டாம்னா எப்பவும் நிறுத்திக்கிடலாம் ஐயா.”

“அப்ப நான் பேசாம இருந்தா, ஒவ்வொரு ஆள் போனதும் ஒரு முந்திரிக்கொத்துப் பலகாரம். புள்ள பாடம் மட்டும் நிக்கக் கூடாது மாப்ள. சம்மதமா?”

அண்ணாச்சி தலையாட்டினார்.

பயிற்சி அமோக வெற்றி. மாமனார் வாயைத் திறந்தது முந்திரிக்கொத்துக்கு மட்டும்தான். வியாபாரம்தான் படுத்துவிட்டது. “வாத்தியாரே ஒண்ணும் சொல்ல மாட்டுக்காரு, சரக்கு சரியில்ல போல” என்று சனம் அடுத்த கடைக்குப் போனது. அவர் ஒன்றை நல்லது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய சனம் அது. ஒரு பழக்கத்தால் யாருக்கு என்ன பயன் என்று பார்க்காமல் அதில் கைவைக்கக் கூடாது.

அண்ணாச்சி என்னிடம் ஓடிவந்தார். “டீச்சர், மாமாவப் பேசச் சொல்லுங்க!”

“நீங்களே கேளுங்க.”

இந்தத் தடவை கேட்டார். மாமனார் மென்று முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

“பேசுதேன் மாப்ள. ஆனா ரெண்டு முந்திரிக்கொத்து. சும்மா இருக்கதவிட இதுல வேல சாஸ்திலா.”

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது: வாத்தியாரைக் கேட்டோம், செல்வியை யாராவது கேட்டோமா? பேச்சு வராத பிள்ளைக்கும் வேண்டாம் என்று காட்டத் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து அவள் முன்னால் உட்கார்ந்து, “ஆரம்பிக்கலாமா?” என்று முகத்தைப் பார்ப்பேன். சில நாள் திருப்பிக்கொள்வாள். அன்றைக்குப் பாடம் கிடையாது.