கிருலப்பனைக் கால்வாயில் விட்ட மீன்கள்

நேசமலருக்கு மீன் சாப்பிடப் பிடிக்கும். வளர்ப்பதில் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. மகன் ஹரிசன் ஓ.எல். வகுப்பில் படிக்கும்போது மருதானையில் மஷூர் என்பவரின் வளர்ப்புமீன் கடையிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு மீன்களைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். கத்தி அலகு போல் தட்டையான வெள்ளி உடம்பு. கத்திமீன், வளர வளர வால் பக்கமாகக் கரிய வட்டப் பொட்டுகள் விழும் என்றான். வீடு மணக்கப்போகிறது என்று அவள் ஏசினாள். பிறகு அவன் கனடாவுக்குப் படிக்கப் போனான். கிருலப்பனை வீட்டு ஹோலில் தொட்டியும் மீன்களும் அவளும் மிச்சம்.

கணவர் சிவபாதசுந்தரம் பேப்பரும் கிரிக்கெட்டுமாக இருக்கிற மனிதர். தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். எனவே அவளே தண்ணீர் மாற்றினாள், அவளே இறாலை உரித்து நறுக்கிப் போட்டாள். வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் அவளுக்கு வரவேற்பு வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்கப் பயந்தவர்களைச் சமாதானம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்த இரண்டும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். ஒரு கட்டத்தில் அவள் விரலிலிருந்தே இறாலை வாங்கப் பழகின. மகன் வீடியோவில் கூப்பிட்டால் அவள் முகத்துக்கு முன் மீன்களைத்தான் காட்டுவாள். முழங்கை நீளம் வளர்ந்த பிறகும் அவளுக்கு அவை சின்னப் பிள்ளைகள்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டபோதுதான் பிரச்சினை வந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பிளாட் கிடைத்தது, மூன்றாம் மாடி. அவ்வளவு பெரிய தொட்டியை மேலே ஏற்ற முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நேசமலர் மருதானைக்குப் போய் மஷூரிடம் கேட்டாள்.

"சின்னதா ஈந்தா எடுப்பன் மிஸ். இந்தப் பருமனுக்கு ஆரும் வாங்க மாட்டாங்க. எங்கிட்டயும் இடமில்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நோகாம முடிச்சுடுறதுதான் நல்லம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கடையை விட்டு இறங்கிவிட்டாள். மகனிடம் கேட்டாள். "மஷூர் அங்கிள் எடுக்காட்டி வேற ஆரையும் கேளுங்கோ. வெளியில மட்டும் விடாதைங்கோ அம்மா" என்றான். வெளியே விட்டால் செத்துப்போகும் என்பதால் சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீடு காலி செய்கிற கிழமையில் சிவபாதசுந்தரம் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "என்னப்பா இதுக்குப் போய் யோசிக்கிறீர். பின்னால கால்வாய் ஓடுது. அதுவும் தண்ணிதானே" என்றார். அது அவளுக்கும் சரியாகவே பட்டது. விடிந்ததும் பெரிய வாளியில் மீன்களைப் போட்டு ஈரத்துணியால் மூடி, ஓட்டோவில் கால்வாயோரம் போனார்கள். வாளியைச் சரித்தபோது இரண்டும் கரையோரம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன. பிறகு உடம்பின் அடிச்செட்டையை அலைத்தபடி கலங்கல் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. "நல்லா இருங்கோ" என்றாள். வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தாள். மகனிடம் மட்டும், மஷூர் மனமிரங்கி எடுத்துக்கொண்டார் என்று சொன்னாள். பொய்தான். ஆனால் அவன் மனம் நோகாமல் இருக்கச் சொன்ன பொய் என்பதால் அப்போது அது உறுத்தவில்லை.

பிளாட்டுக்கு வந்த பிறகு மாலையில், அங்கேயும் ஓடுகிற அதே கால்வாயின் நடைபாதையில் நடக்கத் தொடங்கினாள். அங்கேதான் ஷஹீமாவைச் சந்தித்தாள். பல்கலைக்கழகத்தில் நன்னீர் மீன்களைப் பற்றி ஆய்வு செய்கிற பெண், தெமட்டகொடையில் வீடு. குந்தியிருந்து போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தவளிடம் நேசமலர்தான் கதை கொடுத்தாள். தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது, எந்த இடத்தில் கழிவு கலக்கிறது என்று பார்க்கிறோம் அன்டி, சனிக்கிழமைகளில் நாவலைப் பக்கத்துச் சதுப்பு நிலத்திலும் வேலை செய்கிறோம், ஆள் போதவில்லை என்றாள் ஷஹீமா. அடுத்த சனிக்கிழமை நேசமலர் பழைய சல்வாரும் இரவல் சப்பாத்துமாகப் போய் நின்றாள்.

அந்த வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவார்கள். நாணல் நடுவார்கள். வாகனம் கழுவும் இடமொன்றிலிருந்து சதுப்பு நிலத்து வாய்க்காலுக்குள் ஒயில் கலந்த தண்ணீர் வருவதை மாதக்கணக்கில் சோதித்து அதிகாரிகளிடம் காட்டி நிறுத்தினார்கள். அந்த வாய்க்கால் தெளிந்ததும், உள்ளே ஒரு குளத்தில் சின்னக் கெண்டைகளைக் கொண்டுவந்து விட்டாள் ஷஹீமா. வாலடியில் மைப்பொட்டு வைத்தது போன்ற மீன்கள்; இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லாதவை. அவை பெருகி, கரையோரம் கூட்டமாக மினுங்கியபோது நேசமலருக்கு ஏதோ தன் கையால் ஆனது போல் இருந்தது. சேறு பூசிய முகத்தோடு அவள் நிற்கும் படத்தைக் குழுவின் பேஸ்புக்கில் போட்டார்கள். ஹரிசன் அதை எடுத்துத் தன் பக்கத்திலும் போட்டு, என்ர அம்மா என்று எழுதினான்.

பிறகு கெண்டைகள் குறையத் தொடங்கின. தண்ணீரைச் சோதித்தார்கள், குறையில்லை. கொக்கு தின்கிறதோ என்று பார்த்தார்கள். கொக்கு எப்போதும் இருந்ததுதான். கடைசியில் ஒரு சனிக்கிழமை, குளத்தையும் கால்வாயையும் இணைக்கிற வாய்க்காலில் வலை போட்டார்கள். கயிற்றின் ஒரு முனை நேசமலர் கையில். வலை கனத்தது. சேற்றோடு மேலே வந்ததில் ஒன்று புரண்டு வெயிலில் பளிச்சிட்டது. தட்டையான வெள்ளி உடம்பு. வால் பக்கமாகக் கரிய வட்டப் பொட்டுகள்.

அவள் கயிற்றை விட்டுவிட்டாள். கை வழுக்கியதாக மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஷஹீமா மீனைப் பலகையில் வைத்து வயிற்றைக் கீறினாள். உள்ளே கெண்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. பாதி கரைந்திருந்தும் வாலடிப் பொட்டு அழியவில்லை. "இது இந்த நாட்டு மீனில்ல. ஆரோ ஊட்டுல வளத்துட்டு, பெருசானதும் வெளிய உட்டீக்காங்க" என்றாள். முட்டையிட்டால் ஆண் மீன் பக்கத்திலேயே நின்று காவல் காக்கும், அதனால் குஞ்சுகள் நிறையத் தப்பிவிடும் என்றும் சொன்னாள். குழுவில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருந்தார். "எவன் செய்தானோ, அவனைக் கொண்டுவந்து இந்தச் சேத்துக்குள்ள இறக்கவேணும்" என்றார். எல்லாரும் ஆமோதித்தார்கள். நேசமலர் பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "நீங்கள் எங்களுக்குக் கிடைச்சது பெரிய விஷயம்" என்று அவர் சொன்னதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

வீட்டில் சிவபாதசுந்தரத்திடம் சொன்னாள்.

"கொழும்பில எத்தினை பேர் மீன் வளர்க்கினம். அது எங்கட மீன்ர குஞ்சு எண்டு எப்பிடித் தெரியும்?"

"இல்லை எண்டும் தெரியாதே."

"தெரியாததுக்கு ஏன் அழுறீர்?"

தெரிந்திருந்தால் ஒருவேளை அழுது தீர்த்திருக்கலாம். இது தீராமல் இருந்தது. சந்தையில் மீன்காரர் செதில் சீவும்போது பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மகனின் பேஸ்புக் பக்கத்தில் அந்தப் படம் இன்னும் இருந்தது. யாராவது அதற்கு விருப்பம் போட்டால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை கால் உளைவு என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. மூன்றாம் முறை ஷஹீமாவே தேடிக்கொண்டு கிளினிக்குக்கு வந்துவிட்டாள், கையில் தோடம்பழப் பையோடு. காலுக்குச் சுகமா அன்டி என்று அவள் கேட்டதும் நேசமலருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வாளி, ஓட்டோ, தேங்காய் உடைத்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஷஹீமா ஏசவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. தோடம்பழப் பையை வாசல் படியில் வைத்தாள். பிறகு, "எந்த எடத்துல உட்ட அன்டி?" என்று கேட்டு, போனில் வரைபடத்தைத் திறந்தாள். நேசமலர் விரலை வைத்துக் காட்டினாள்.

"அங்கீந்து நாவலைக்குத் தண்ணிவழி ஈக்குது. உங்கட மீனா இருக்கலாம். வேற ஆள்ட மீனாவும் இருக்கலாம். அத அறிய எங்களுக்கு வழியில்ல."

"நான் இனி வரலாமோ பிள்ளை?"

"வராட்டி வலைய ஆரு புடிக்கிற?" என்றாள் ஷஹீமா. முகத்தில் சிரிப்பில்லை. "அன்டி, மீனைக் கொண்டுபோய் உடுறவங்க கெட்டவங்க இல்ல. கொல்ல மனசில்லாதவங்கதான் உடுறாங்க. அவங்களுக்குப் போக ஒரு எடமில்ல. எனக்கு அதுதான் பெரிய பிரச்சினை."

அந்த இடத்தை உண்டாக்க நேசமலர் மூன்று தடவை மருதானைக்குப் போக வேண்டியிருந்தது. கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த இரண்டு தொட்டிகளைத் தரும்படி மஷூரைக் கேட்டாள். வளர்க்க முடியாத மீனை யாரும் கொண்டுவந்து தரலாம், கேள்வி கேட்க மாட்டோம் என்று கடையில் எழுதி ஒட்ட வேண்டும் என்றாள். மஷூர் கழுத்தைச் சொறிந்தார். நானும் சும்மா விற்றவன்தானே என்று முணுமுணுத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: "சின்னதுகளுக்கு ஆள் தேடித்தாறன். பெருசு வந்தா, முடிக்கிற வேலைய நான் செய்ய மாட்டன் மிஸ். அத நீங்கதான் பாக்கணும்."

ஷஹீமா கற்றுக்கொடுத்தாள். கராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வேண்டும். மீன் முதலில் மயங்கும், பிறகு மூச்சு நிற்கும். நின்ற பிறகும் நெடுநேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். கிளினிக்கில் பல்வலிக்காரருக்குத் தடவும்போது தினமும் மணக்கிற அதே எண்ணெய். முதல் மீனை முடித்த அன்று நேசமலர் மதியம் சாப்பிடவில்லை. தன் இரண்டுக்கும் இதைச் செய்திருக்கலாமே, இவ்வளவுதானே என்ற எண்ணம் அந்த மீனைவிடக் கனமாக இருந்தது. தன் மனம் நோகக்கூடாது என்று பார்த்ததற்குக் கெண்டைகள் விலை கொடுத்தன என்று அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பிரியந்தன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொண்டான். பெயின்ட் வாளியில் கத்திமீன் ஒன்று. அவளுடையதைப் போலவே பொட்டுகள். மனைவி சாருஜா வாளியை விட்டு விலகாமல் நின்றாள். பிள்ளை பிறக்கப்போகிறது, வீடு சின்னது என்றார்கள்.

"நல்லாப் பாப்பீங்கள்தானே அன்டி?" என்று சாருஜா கேட்டாள்.

ஓம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். மகனிடம் சொன்னது போல ஒரு சொல்தான். நேசமலரின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"இல்லைப் பிள்ளை. இவ்வளவு பெரிசை வைச்சிருக்க எங்களிட்ட இடமில்லை. நோகாமல் முடிக்கிறதுதான்."

சாருஜாவின் கண் நிரம்பிவிட்டது. "வேண்டாம். இஞ்சருங்கோ, தூக்குங்கோ வாளியை. நாங்கள் எங்கேயாவது தண்ணியில விடுறம். அது பிழைச்சுப் போகட்டும்."

"பிழைக்கும்" என்றாள் நேசமலர். "அதுதான் பிள்ளை பிரச்சினை. நான் இரண்டை விட்டனான்."

முன்பின் தெரியாத இருவருக்கு அவள் கதையைச் சொன்னாள். கீறிய வயிற்றுக்குள் அடுக்கிக் கிடந்த கெண்டைகளையும் சொன்னாள். இடையில் மஷூர் வந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று. சொல்லி முடித்தபோது சாருஜா வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மீனின் முதுகை ஒருதடவை தடவினாள். "நான் பாக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தெருப்பக்கம் திரும்பி நின்றாள். நேசமலர் எண்ணெயைக் கலப்பதைப் பிரியந்தன் நின்று பார்த்தான். மீன் சரிந்து படுத்தபோது அவன்தான் வாளியைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பின்னேரம், கனடாவில் விடிந்ததும், நேசமலர் மகனைக் கூப்பிட்டாள். மஷூர் மீன்களை எடுக்கவேயில்லை என்றாள். வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

"நான்தானே அம்மா அதுகளை உங்கட தலையில கட்டிப்போட்டு வந்தனான். ஏன் விடவேண்டாம் எண்டும் விளக்கிச் சொல்லேல்லை."

"அப்பிடிச் சொல்லி என்ர பங்கைக் குறைக்காதை தம்பி."

பேஸ்புக்கிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடு என்று அவள் கேட்டாள். "எடுக்கமாட்டன்" என்றான்.

வாய்க்கால் வாயில் இப்போது கம்பிவலை கட்டியிருக்கிறார்கள். உள்குளத்தில் கெண்டைகள் திரும்பவும் கொஞ்சம் தெரிகின்றன. முன்பு போல் கரையோரம் மினுங்குகிற அளவுக்கு இன்னும் இல்லை. வெளியே கால்வாயில் வலை போடும்போதெல்லாம் கத்திமீன் விழுகிறது, சிலவேளை குஞ்சுகளும். அவற்றை முழுதாக ஒழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும் என்று ஷஹீமா சொல்லிவிட்டாள். எஞ்சினியருக்கும் நேசமலரே விஷயத்தைச் சொன்னாள். அவர் சில கிழமைகள் அவளோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் அதைக் குறையாக எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் வெயிலேற முன்பே சேற்றில் இறங்கிவிடுகிறாள். வலையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவர் கையில்.