அப்டேட் விழுங்கிய பதில்

இது 2010-களின் நடுவில் நடந்தது. பாதி திண்டிவனத்தில், மீதி விழுப்புரம் ரயில் நிலையத்தில். என் தம்பிக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஆனால் அவனைப் போல வாயாடி எங்கள் தெருவிலேயே இல்லை. எல்லாம் கையால்தான். சின்ன வயதிலிருந்தே அவன் கைகளைப் பார்த்துப் பார்த்து, ஊருக்கு அவன் வாயாகவே நான் ஆகிவிட்டேன். டாக்டரிடம், ரேஷன் கடையில், பஸ் கண்டக்டரிடம் என்று எல்லா இடத்திலும் அவனுக்காக நான்தான் பேசுவேன். பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டதால், கல்யாணத்துக்குப் பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. எனக்கும் அதை விட மனசில்லை.

பெண்ணுக்கு விழுப்புரம். அவளுக்கும் காது கேட்காது. ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் தயார் செய்துகொண்டிருந்தாள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் அழகாக்கி அடுக்கும் வேலை. அதை அவள் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று எங்கள் சொந்தக்காரர்கள், "கல்யாணத்துக்கு அப்புறம் வேல இன்னாத்துக்கு? ஊட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்" என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கும் அதே எண்ணம்தான். காது கேட்காவிட்டால் என்ன, அந்தப் பெண் எங்கள் உதடுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் வீடியோ கால். தம்பி வேலை செய்த அச்சகத்தின் முதலாளி, கல்யாண மாப்பிள்ளை என்று அவன் மேல் ஒரு பிரியத்தில், வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். வீட்டில் நெட் பேக் போட்டுச் சமாளிப்பான். இரண்டு கையும் வேண்டுமே, அதனால் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவான். கறிவேப்பிலை எடுக்கும் சாக்கில் நான் நாலு தடவை குறுக்கே போவேன். அவன் முறைப்பான். அவள் திரைக்குள்ளிருந்து சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. முகம் இறுகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா, இப்போதே சொல்லிவிடு என்று கேட்டாள். நானும் பார்த்தேன். தம்பி கையைத் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்து அவள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. பகலெல்லாம் அச்சகத்து வைஃபையில் சத்தமில்லாமல் ஏதோ அப்டேட் இறங்கியிருக்கிறது. இப்போது போடவா, அப்புறம் போடவா என்று கேட்கிறது. தம்பிக்கு அதையெல்லாம் படிக்க ஏது பொறுமை? ஈயை ஓட்டுவதுபோல விரலால் ஒரு தட்டு. போன் அணைந்து, பச்சை பொம்மை ஒன்று வந்து, அதன் கீழே ஒரு கோடு மெதுவாக ஊர ஆரம்பித்தது. அவள் போய்விட்டாள்.

பேசாமல் விட்டிருந்தால் அது பாட்டுக்கு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் போனுக்கு என்ன வந்தாலும் எங்கள் ஊரில் ஒரே வைத்தியம்தான்: பின்மூடியைக் கழற்று, பேட்டரியைப் பிடுங்கு, மறுபடி போடு. தம்பி பதற்றத்தில் அதைச் செய்தான். அதோடு போன் படுத்துவிட்டது. கம்பெனி பேர் வரும், போகும். வரும், போகும். உள்ளே மட்டும் போகவில்லை.

மறுநாள் செல்போன் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாதி அப்டேட்ல பேட்டரிய புடுங்கிட்டீங்களே, பேஜாருதான் போங்க. புதுசா சாஃப்ட்வேர் ஏத்தணும். அதுக்கு நாளாவும்."

நாங்கள் கடையை விட்டு இறங்குவதற்குள் என் பட்டன் போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"இன்னாம்மா ஆச்சி அங்க? பொண்ணு நேத்துலேர்ந்து செல்லையே பாத்துக்கினு குந்தினு கீது. ஒரு வாய் துன்னல. இன்னான்னு கேட்டாலும் சொல்ல மாட்டேங்குது."

போன் கெட்டுப்போன கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"நீங்க சொன்னத எழுதிக் காட்டினேம்மா. நம்ப மாட்டேங்குது. பதில் சொல்ல இஷ்டம் இல்லாம போன அமத்திட்டாருன்னு அழுவுது. இந்தக் கல்யாணமே வேணாங்குதும்மா."

தம்பியிடம், "இன்னா பதில்னு என்கிட்ட சொல்லு, நான் அவங்க அப்பாகிட்ட சொல்லிட்றேன்" என்று கையாலேயே கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். சரி, உன் முதலாளி போனையாவது வாங்கிப் பேசு என்றேன். அதற்கும் மாட்டேன். முதலாளியை எதிரே வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாதாம். அதோடு, திரையில் மறுபடியும் ஒரு பெட்டி வந்து நின்றால் என்ன செய்வது? நேரில் போய் நானே சொல்ல வேண்டும் என்றான். இத்தனை வருடத்தில் அவன் என் வாயை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் சுருக்கென்றிருந்தது.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நிச்சயம் பண்ணிட்டு மாப்புள பொண்ணு ஊட்டு வாசப்படிய மிதிக்கிறதா? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று குதித்தாள். கடைசியில் பெண்ணின் அப்பாதான் வழி சொன்னார். "ஊட்டுக்கு வர வேணாம்மா. ஸ்டேஷனுக்கு வாங்க. நானே கூட்டிக்கினு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் தம்பியும் பாசஞ்சர் ஏறினோம். வழியெல்லாம் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்கும் தெரியாது. அம்மா பிள்ளை அவன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பத்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது.

விழுப்புரத்தில் எங்கள் வண்டி உள்ளே தள்ளி ஒரு பிளாட்பாரத்தில் நின்றது. அவர்கள் முதல் பிளாட்பாரத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் விறுவிறுவென்று மேம்பாலத்தில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்னால் தம்பி இல்லை.

எங்கள் வண்டி கிளம்பிப் போயிருந்தது. தம்பி பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம், டீக்கடைக்குப் பக்கத்தில் அந்தப் பெண். நாமாக இருந்தால் தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டும். அவர்களுக்கு எதற்குக் கத்தல்? பாலம் ஏறி இறங்கும் நேரத்தைக்கூட அவள் கொடுக்கவில்லை. அங்கிருந்தே அதே கேள்வியைக் கேட்டாள். வேலைக்குப் போகலாமா, கூடாதா?

தம்பி இரண்டு கையையும் தூக்கினான். வேலையை விடாதே என்றான். அடுத்து என்னவோ சொல்ல ஆரம்பித்தான்.

தடதடவென்று நடுத் தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்து புகுந்தது.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பெட்டிமேல் பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நான் மேலேயிருந்து பார்க்கிறேன். தம்பி எடுத்த வாக்கியத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவன் கையைக் கீழே போடவே இல்லை. அந்தப் பக்கம் அவள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் படிகளில் தாவி இறங்கி அவள் பக்கம் ஓடினேன். அவள் அப்பா மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா சொன்னாரு?"

"வேலைய விட வேணாம்ன்றான். இன்னும் முடிக்கலீங்க, இருங்க."

கடைசிப் பெட்டி போனது. தம்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். தன் நெஞ்சைத் தொட்டான். காலடியைக் காட்டினான். இரண்டு கைகளையும் கூரைபோலச் சேர்த்தான். பிறகு திண்டிவனம் இருக்கும் திசையைக் காட்டி, போய், திரும்பி வருவதுபோல விரலை ஓட்டினான்.

எத்தனையோ ஆயிரம் வாக்கியத்தை அவனுக்காகச் சொன்ன வாய் எனக்கு. அந்த ஒன்றை மட்டும் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு இங்கயே வேலைக்குப் போவட்டுமாம்" என்றேன். "இவன் இங்க ஊடு பாத்துக்கினு வந்துர்றானாம். தெனம் ரயில்ல திண்டிவனம் வேலைக்குப் போய்ட்டு வந்துர்றேன்றான்."

நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றே வந்திருந்த மனிதர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ உங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. நான் அதைத் தம்பிக்குக் கையால் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. நேராக என்னைக் காட்டினான். நீ இருக்கிறாயே!

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் அந்தப் பெண்ணும் அழுதுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டவள், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வரும்வரை விடவில்லை. தம்பி பாலம் ஏறி இறங்கி வந்து சேர்வதற்குள் அவள் அப்பா எல்லோருக்கும் டீ சொல்லி, சூடாக வறுத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, ஒரு பொட்டலமும் வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

விஷயம் தெரிந்ததும் அம்மா சில நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தாள். விழுப்புரத்தில் வீடு பார்த்த பிறகு ஒருநாள், "அந்த ஊட்ல தண்ணி நல்லா வருமான்னு கேட்டியாடி?" என்று என்னிடம் சிடுசிடுத்தாள். சரி, இறங்கி வந்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு கிரைண்டரோடு போய் விழுப்புரம் வீட்டைக் கூட்டிக் கழுவி வைத்ததும் அவள்தான். செல்போன் கடையிலிருந்து போன் எல்லாம் அழிந்து வெறுமையாக வந்தது. தம்பி அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

இப்போது பட்டன் போனை விட்டு நானும் டச் போனுக்கு மாறிவிட்டேன். தம்பியும் அவன் மனைவியும் அதில்தான் என்னோடு வம்பளக்கிறார்கள். பேச்சு நடுவில் அப்டேட் பெட்டி வந்தால் மூன்று பேருமே சிரித்துவிடுவோம். ஆனால் யாருக்காவது ஒரு பதிலைச் சொல்லாமல் நான் தள்ளிப்போடும்போதெல்லாம், அந்தக் கூட்ஸ் வண்டி முழுக்கப் போய் முடியும்வரை கீழே இறங்காமல் நின்ற என் தம்பியின் இரண்டு கைகளும் கண்முன் வந்து என்னை எழுப்பிவிடுகின்றன.