லூர்துவின் சவரக்கத்தி என்னிடம்தான் இருக்கிறது

லூர்து போய்விட்டான். காலை பத்து மணிக்கு அவன் மகன் ரீகன் போன் பண்ணிச் சொன்னான். தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்...

போர்ட் பிளேர் ஒர்க் ஷாப்பில் பதினேழு வருடம் என் பக்கத்து பெஞ்ச். அவன் வெல்டர், நான் கார்பென்டர். எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் இந்த பேஸ்புக்கில் நிறைய இருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

மாலை நாலு மணிக்கு பத்துபஸ்தி வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். நான் முன்னூறு கிலோமீட்டர் வடக்கே, மாற்றலாகி வந்த திக்லிபூரில் உட்கார்ந்திருக்கிறேன்.

காலை பஸ் போயாச்சு. காற்றும் மழையும் என்று கப்பல் கேன்சல், ஹெலிகாப்டரும் கேன்சல். கார் பிடித்தாலும் நான் பாராடாங் போய்ச் சேருவதற்குள் ஜாரவா காட்டு கேட்டிலிருந்து கடைசி கான்வாய் கிளம்பியிருக்கும்; அதை விட்டால் எந்த வண்டியையும் விடமாட்டார்கள். டாக்சிக்காரர் கையை விரித்துவிட்டார். "ஆஜ் நஹி ஹோகா, பாய்."

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டாண்ட் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இரண்டு தடவை. என்ன ஊரய்யா இது! செத்தவன் முகத்தைப் பார்க்கவும் கேட் திறக்கிற நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேஜை மேல் அவனுடைய கத்தி.

அவன் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தபோது பெட்டியில் கொண்டு வந்த மடக்குச் சவரக்கத்தி. போன கிறிஸ்துமஸுக்கு நான் போர்ட் பிளேர் போயிருந்தபோது கையில் கொடுத்தான். கத்தி முழுக்கத் துரு, பிடி பிளந்து கிடந்தது. கூடவே அவன் வீட்டுப் பழைய ஜன்னல் சட்டத்தில் அறுத்த ஒரு படாக் மரத்துண்டு.

"இதுல புதுப் பிடி போட்டுக் குடுடா. அப்பா கத்தி வர்ற வரைக்கும் மூஞ்சியில வேற பிளேடு வைக்க மாட்டேன்."

"உன் பொண்டாட்டி என்னைத் திட்டுமேடா."

"திட்டட்டும். எனக்கு மட்டும் தினமும் கிடைக்குது, நீயும் கொஞ்சம் வாங்கிக்க."

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வாட்டர் பேப்பரில் தேய்த்துத் தேய்த்துத் துருவை எடுத்தேன். உள்ளே நல்ல இரும்பு. படாக்கும் சிவப்பாக, அழகாக வந்தது.

ஆனால் நான் ஒரு அவசரக் குடுக்கை. அது இத்தனை வருட மழையைக் குடித்த ஜன்னல் மரம் என்று தெரிந்தும் உடனே இரண்டு பலகை சீவி, பித்தளை ஆணி அடித்து, போட்டோவும் அனுப்பிவிட்டேன். இரண்டே வாரம்... பலகை முறுக்கிக்கொண்டு கத்தியைக் கவ்விப் பிடித்துவிட்டது. திறக்கவே இல்லை. ஆணியை வெட்டித்தான் வெளியே எடுத்தேன்.

போனில் அவன் சிரித்த சிரிப்பு! "கார்பென்டராம் கார்பென்டர்... கத்திக்கே பூட்டு போட்டுட்டான். சரி, மிச்ச மரம் நல்லாக் காயட்டும். ஆராம் சே பண்ணு, அவசரமில்ல."

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் கோவில் வாசலிலிருந்தே வீடியோ கால். "க்யா பாய், மரம் காஞ்சுச்சா?" பிறகு மீன் விலை, யார் ரிட்டையர்மென்ட், யார் மெயின்லேண்ட் போனது... ஒரு மணி நேரம் ஓடும். தாடி வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது.

சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பிடி தயாராகி நாலு மாதம் ஆகிறது. லின்சீட் ஆயில் தடவி, பழைய பெல்ட்டில் தீட்டி, என் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"இன்னும் காயலடா, இங்க ஒரே மழை" என்று ஒவ்வொரு ஞாயிறும் புளுகினேன். பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டிருந்தால் அன்றைக்கு ராத்திரியே அவன் கைக்குப் போயிருக்கும். கத்தி போய்விட்டால் போனும் நின்றுவிடுமோ என்று பயம்.

என் குடும்பம் மதுரையில். டிரான்ஸ்பர் அப்ளிகேஷன் மூன்று வருடமாக அசையவில்லை. இந்தக் குவார்ட்டர்ஸில் அடைந்து கிடக்கிற என்னை "சோம்பேறிப் பயலே" என்று உரிமையோடு திட்ட அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு ரீகன் மறுபடி கூப்பிட்டான். "மாமா, அப்பாவைக் குளிப்பாட்டப் போறாங்க. சாதா ரேசர்லயே ஷேவ் பண்ணிடட்டுமா?"

நான் மேஜை மேலிருந்த கத்தியைக் கையில் எடுத்தேன். அவன் அம்மா பாக்கியம் போனை வாங்கியது.

"வேண்டாம்ணே. உங்க கையால பிடி போட்டு வர்ற கத்திதான்னு சொல்லிட்டே இருந்தாரு. தாடியோடவே போகட்டும். நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க... மரம் காயலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஆமா தங்கச்சி" என்றேன். பாவி நான், அவ்வளவுதான் சொன்னேன்.

பாக்கியம் பேஸ்புக்கில் இல்லை. ரீகன் இருக்கிறான், படிப்பான். படிக்கட்டும்.

மணி மூன்றே முக்கால். போய் வாடா லூர்து... முடிந்தால் மன்னித்துவிடு.