தகரச் சத்தத்துக்கு வந்த பன்றிகள்

கோலா கெத்தில் கடைத்தெருவுக்கு உப்பு வாங்கப் போகிறேன். சைக்கிளின் பின்னால் கட்டிய காலித் தகரம் செம்மண் பாதையின் ஒவ்வொரு குழிக்கும் டங் டங்கென்று அடித்துக்கொண்டே வருகிறது. ரப்பர் மரங்களை வெட்டிய மேட்டருகே ஒரு பெண் ஓடிவந்து சைக்கிளை மறிக்கிறாள்.

“தகரத்தப் புடி தம்பி, சத்தம் வேணாம்! தகரத்தத் தட்டித்தான் எம் பன்னிங்கள மேய்ச்சல்லேருந்து கூப்புடுவேன். ஜப்பான்காரன் லோரி வருதுன்னு இப்பத்தான் லாலான் புல்லுக்குள்ள வெரட்டிவிட்டேன்.”

இரு கைகளாலும் தகரத்தை அணைத்துக்கொள்கிறேன். அதற்குள் ஆள் உயர லாலான் புல் அசைகிறது. தாய்ப்பன்றி வெளியே வருகிறது, பின்னால் எட்டுக் குட்டிகள். மரவள்ளித் தோல் கிடைக்குமென்று என் காலை முட்டுகின்றன. அவள் குச்சியை ஓங்குகிறாள், ஆனால் அடிக்கவில்லை. அடித்தால் கத்தும்.

“புடிச்சிட்டுப் போயிருவானாக்கா?”

“போன மாசம் ரெண்டு பன்னியப் புடிச்சான். அதே லோரியில எம் புருசனையும் ஏத்திட்டுப் போயிட்டான், சயாமுக்கு ரயில் ரோடு போட. இதுங்களும் போனா எம் புள்ளைங்க என்னத்தத் தின்னும்?”

என்னால் வந்த வினை.

வளைவில் திரும்பிய லோரி எங்கள் எதிரில் வந்து நிற்கிறது. அவள் சேலையை விரித்துக் குட்டிகளை மறைக்கப் பார்க்கிறாள். இறங்கிய சிப்பாய் ஒன்பது பன்றிகளையும் நிதானமாகப் பார்க்கிறான். பிறகு அவன் பார்வை நகர்ந்து, தகரத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் என் கைகளில் நிற்கிறது.

இன்னொருவன் லோரியின் பின்கதவைத் திறக்கிறான். உள்ளே ஒரு பன்றிகூட இல்லை. எல்லாம் என் வயது ஆட்கள்.