இடது கையில் மட்டை

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, எங்கள் கோச்சாக இருந்த அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

பிறவியிலேயே நான் இடது கைக்காரி. பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். மற்றதெல்லாம் இடதுதான். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். "வாங்குறதும் குடுக்குறதும் வலது கைல. மத்தத எந்தக் கைல வேணா செஞ்சுக்கோ." அதை நான் மீறியதே இல்லை.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஹாக்கி ஆடப் போனேன். புல்லில் ஆடுவது அல்ல. பனிக்கட்டி மேல், காலணியில் கத்தி வைத்து ஆடுவார்களே, அந்த ஐஸ் ஹாக்கி. எங்கள் பக்கம் பனிக்கட்டி மீன் மார்க்கெட்டில்தான் கிடைக்கும். அதனால் கத்திக்குப் பதில் சக்கரம், பனிக்கட்டிக்குப் பதில் சிமென்ட் ரோடு, கறுப்பு வட்டுக்குப் பதில் கெட்டியான ஆரஞ்சு நிறப் பந்து. இங்கே அந்த ஆட்டம் அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் "இது இன்னா ஆட்டம்மா?" என்று கேட்டால் எங்களுக்கே ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

ஞாயிறு காலையில் பெண்கள் பத்துப் பேர் குரோம்பேட்டையில் மின்சார ரயில் பிடித்துக் கூடுவாஞ்சேரி போவோம். ஸ்கேட்ஸ் அரிசிப் பையில் இருக்கும். அங்கே மனை பிரித்து ரோடு போட்டு வைத்திருப்பார்கள், வீடு ஒன்றுகூட எழும்பியிருக்காது. வழுவழுவென்று ரோடு, வண்டி வராது, விரட்ட ஆள் கிடையாது. இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்த இரண்டு கோல் சட்டங்களை மனை விற்கிறவர்களின் கொட்டகையில் போட்டு வைத்திருந்தோம்.

எங்கள் கோச் ஒரு காலத்தில் புல் ஹாக்கி நன்றாக ஆடியவர். அவர் சக்கரத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. ரோட்டோரமாக நடந்தபடியே கத்துவார். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அவர் சொன்னதுதான் சட்டம், ஏனென்றால் வேறு யாருக்கும் சட்டம் தெரியாது.

முதல் நாளே நான் மட்டையை இடது பக்கமாகப் பிடித்தேன். விசில் அடித்தார்.

"ஏம்மா, இன்னா பண்ணிகினு கீற? ஹாக்கில லெஃப்டே கிடையாது. ஃபவுல்!"

புல் ஹாக்கியில் இடது கை மட்டை கிடையாது என்பது உண்மைதான். அதை அவர் அப்படியே தூக்கி வந்து சக்கரத்தின் மேல் வைத்துவிட்டார். வலது பக்கமாகப் பிடித்தால் எனக்குப் பந்தே படவில்லை. "போய் கோல்ல நில்லு, போ" என்றார். யாரும் நிற்க விரும்பாத இடம் அது.

தண்டனையாகப் போன இடம் எனக்குப் பிடித்துப்போனது. காலில் கிரிக்கெட் பேடு, அதற்கு மேல் மெத்தைக் கடை ஸ்பாஞ்சு, தலையில் கிரிக்கெட் ஹெல்மெட், ஒரு கையில் விக்கெட் கீப்பர் கையுறை, இன்னொரு கையில் மட்டை. வீட்டிலும் பஸ்ஸிலும் கல்லூரியிலும் என்னை ஒதுங்கிப் போகச் சொல்லித்தான் பழக்கியிருந்தார்கள். கோலில் மட்டும் ஒதுங்காமல் நிற்பதுதான் வேலை. பந்து விலாவில் பட்டுக் கன்றிப்போகும். வீட்டில் சொல்ல மாட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அங்கேயும் அவர் விடவில்லை. கோல்கீப்பரும் மட்டையை வலது கையில்தான் பிடிக்க வேண்டுமாம். தரையோடு வரும் பந்துக்கு என் வலது கை ஒரு நொடி தாமதமாகவே இறங்கும். காலுக்கு நடுவே பந்து போகும். "தூங்கிகினு நிக்குது பாரு" என்பார். அவர் டீ குடிக்க ரோட்டுப் பக்கம் போகிற இருபது நிமிஷம் மட்டும் கை மாற்றிக்கொள்வேன். அந்த இருபது நிமிஷத்தில் ஒரு பந்தும் உள்ளே போகாது. எங்கள் கேப்டன் மேற்குத் தாம்பரத்துப் பெண், அவள் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. "நீ இந்தக் கைல நின்னா எங்களால ஒரு கோல்கூடப் போட முடியலடி" என்று அவளே சொல்லியிருக்கிறாள். எல்லோர் முன்னாலும்தான் சொன்னாள்.

அந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். வடக்கே ஓர் ஊரில் குளிர்காலத்தில் குளமே உறைந்துவிடுமாம், அதன் மேல் ஆட்டமாம். தேர்வாகிறவர்களை ரயிலில் அங்கே கூட்டிப் போவார்கள் என்றார் கோச். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு தடவை நிஜமான பனிக்கட்டி மேல் கோலில் நிற்க வேண்டும். ராத்திரி படுத்தால் அதே நினைப்பு.

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து ஐஸ் ஹாக்கி விதிப் புத்தகத்தைத் தேடினேன். முழுதாக இறங்க இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். மட்டையின் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இடது கையில் மட்டையோடு ஒரு கோல்கீப்பர் நிற்கும் படமும் கிடைத்தது. பிரின்ட் எடுத்துக்கொண்டு கோச்சிடம் நீட்டினேன், வலது கையால்தான்.

அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற தன் பழைய கூட்டாளியிடம், "ஹாக்கில லெஃப்ட் உண்டாப்பா?" என்று கேட்டார். அவர் "சான்ஸே இல்ல" என்றார். வேலிக்கு ஓணான் சாட்சி.

"இல்ல சார், இதுல பாருங்க, ஐஸ் ஹாக்கி ரூல்..."

"அது ஐஸ்ல ஆடுறவங்களுக்கும்மா. நீ நிக்கிறது கூடுவாஞ்சேரி ரோடு."

அதே வாய்தான் எங்களைப் பனிக்கட்டிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னது.

தேர்வு ஆட்டத்தில் ரெஃப்ரியும் அவரே, தேர்வாளரும் அவரே. முதல் பாதியில் சொன்னபடி வலது கையில் பிடித்தேன். மூன்று கோல் போனது. மூன்றும் காலுக்கு நடுவில். இரண்டாம் பாதி தொடங்கியதும் மட்டையை இடது கைக்கு மாற்றினேன். வந்த முதல் பந்தை நிறுத்தினேன். விசில். ஃபவுல், பெனால்டி. பெனால்டியையும் நிறுத்தினேன். மறுபடி விசில், அதே ஃபவுல், இன்னொரு பெனால்டி. முதல் பெனால்டியை அடித்தவள் எங்கள் கேப்டன், தேர்வுக்காக எதிர் அணியில் ஆடினாள். அடுத்ததையும் அவளே அடித்தாள். அதையும் நிறுத்தினேன்.

கோச்சுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ தள்ளி நில்லு" என்று என்னை ரோட்டோரம் அனுப்பினார். கேப்டனைப் பார்த்து, "இப்போ அடி" என்றார்.

கோல் காலியாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. 'சார், இந்தக் கையில் இவள் நன்றாகத்தானே நிறுத்துகிறாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டுப் பேர் நின்றார்கள், எட்டுப் பேரும் தங்கள் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அடித்தாள். பந்து மெதுவாக உருண்டு உள்ளே போனது. அவர் கோல் என்று விசில் அடித்தார். அந்தச் சத்தத்தை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டியல் படித்தார். கோல்கீப்பராக, அதுவரை கோலில் நின்றே பார்க்காத ஒருத்தியின் பெயர் வந்தது. அவளுக்கே திக்கென்று இருந்திருக்கும், பாவம். அவளிடம் இருந்த ஒரே தகுதி, அவள் வலது கைக்காரி. நான் பனிக்கட்டியை இன்றுவரை மீன் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் தேர்வாகாதவர்களுக்குக் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கொடுத்தார்கள். வேலைக்கு மனுப் போடும்போது உதவும் என்று எல்லோரும் ஆசையாக வாங்கினார்கள். எனக்கும் அது தேவைதான். என் பெயர் வந்தது. அவர் தாளை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன்.

"வலது கைல வாங்கும்மா."

நீட்டிய கையை நான் மாற்றவில்லை. அம்மா முகம் நினைவுக்கு வந்தது, அப்போதும் மாற்றவில்லை. அவர் என் சான்றிதழைக் கட்டின் அடியில் செருகிவிட்டு அடுத்த பெயரைப் படித்தார். அந்தப் பெண் வந்து, வலது கையால் வாங்கி, "தேங்க்ஸ் சார்" சொல்லிவிட்டுப் போகும்வரை என் இடது கை நீட்டியபடியே இருந்தது.