நியூகாசில் கோட்டை மேட்டிலிருந்து பார்த்த கப்பல்

1975 ஆகஸ்ட். ஒரு சனிக்கிழமை காலை நானும் என் கணவரும் சிட்னியில் ரயில் ஏறினோம். வடக்கே நூறு மைலில் இருக்கும் நியூகாசில் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்ற என் தம்பி சிவநேசனின் கப்பல் வருகிறது. அவன் அதில் எஞ்சினியர். நான் கலியாணம் முடித்தபோது அவன் கடலில் இருந்தான். அப்பாவின் செத்தவீட்டுக்கும் அவனால் வர முடியவில்லை. ஐந்து வருடங்களாக அவன் முகத்தை நான் காணவில்லை.

ஹோக்ஸ்பரி ஆற்றைத் தாண்டியதும் தண்டவாளம் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. சிப்பி வளர்க்க நட்ட குச்சிகள் சேற்றில் வரிசையாக நின்றன. கோஸ்போர்டில் மின்சார எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டினார்கள். தம்பிக்கென்று கட்டிய புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் என் மடியில் சூடாக இருந்தன.

இங்கிலாந்தின் பழைய நிலக்கரித் துறைமுகத்தின் பெயரையே இந்த ஊருக்கும் வைத்திருக்கிறார்கள். கட்டடங்களும் அந்தச் சாயல்தான். நிலையத்துக்குப் பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு சுங்க மாளிகை. முன்பு குறித்த நேரத்தில் கோபுர உச்சியிலிருந்து ஒரு பெரிய பந்தை இறக்குவார்களாம். அதைப் பார்த்துக் கப்பல்காரர் கடிகாரத்தைச் சரிசெய்வார்களாம்.

கப்பல் முகவரின் அலுவலகத்தில் இருந்த இளைஞன் எங்களைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான்.

“கடல் மோசம். துறைமுக வாயை மூடிவிட்டார்கள். உங்கள் கப்பல் வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது. திங்கள், இல்லாவிட்டால் செவ்வாய்தான் உள்ளே வரும்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு இரக்கப்பட்டவனாக, “கோட்டை மேட்டுக்குப் போனால் பார்க்கலாம்” என்றான்.

ரஷ்யர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் சென்ற நூற்றாண்டில் கட்டிய கோட்டை அது. இராணுவம் வெளியேறிவிட்டது. வாசல் பூட்டியிருந்ததால் மதிலை ஒட்டிய புல்மேட்டில் ஏறி நின்றோம். சுடுவதற்கு வைத்த துவாரங்களில் காற்று ஊளையிட்டது. கீழே கலங்கரை விளக்கமும் அலைதடுப்பும் நுரையில் மூழ்கி எழுந்தன. அதற்கும் அப்பால் மூன்று கப்பல்கள்.

நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் தூரக்கண்ணாடி இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கழற்றித் தந்தாள். நடுக் கப்பலின் பெயரை வாசித்தேன். அவனுடையதுதான். மேல்தட்டில் இரண்டு உருவங்கள் அசைந்தன. சேலைத் தலைப்பைப் பிடித்து, கை சோரும்வரை வீசினேன்.

“இஞ்சாரும், அது அவனெண்டு எப்பிடித் தெரியும்?” என்றார் கணவர்.

“அவனா இருக்கட்டும், விடுங்கோ.”

மத்தியானம் கழிந்த பிறகு அவர், “புட்டு பழுதாகப் போகுது. சாப்பிடுவம்” என்றார். தம்பிக்குச் சமைத்ததை அவன் கப்பலைப் பார்த்தபடியே நாங்கள் தின்று தீர்த்தோம்.

மாலை ரயிலில் திரும்பினோம். மறுபடி போய்வர, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். வார்டில் ஆள் இல்லை என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை கப்பல் உள்ளே வந்ததும் தம்பியிடமிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்தது.

“அக்கா, சனிக்கிழமை நீங்கள் கோட்டையடிக்குப் போனனீங்களாம். இஞ்ச முகவரின்ர ஆள் சொன்னவன்.”

“ஓம் ராசா. சேலைத் தலைப்பை வீசினனான். கண்டனியா?”



“நான் கீழ எஞ்சினோட நிண்டிருப்பன், அக்கா. அண்டைக்கு முழுக்க மேல வரேல்லை.” பிறகு சொன்னான்: “இண்டைக்கு நானும் அந்த மேட்டில ஏறிப் பாத்தனான். வெளியில நிக்கிற கப்பலெல்லாம் நல்லாக் கிட்டத் தெரியுது, என்ன?”

“ஓம். கிட்டத்தான் தெரியுது.”

மறுநாள் காலை, நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்த நேரம், கப்பல் ஜப்பானுக்குப் புறப்பட்டது.